ஆணியில் தொங்கும் பீரோ சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்க முட்டிவலி குறைஞ்சுதா?

நேத்து ஆபீஸ்ல எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. வேலை முடிஞ்சு சாயங்காலத்துல கம்ப்யூட்டர் கோர்ஸ் படிக்கிற ரிசப்ஷன் அக்கா, "தம்பி, உன் பாஸ்வேர்டை நானே மாத்திட்டேன்"னாங்க. வர்றவங்க பேரைப் பதியறதுக்கு மட்டும்தான் அவங்க கணக்கு. ஆனா நான் பாத்துக்கிற சர்வர், அதான் ஆபீஸோட பொதுக் கம்ப்யூட்டர், தினமும் முழு அதிகாரத்தோட ஓட்டுற ஃபைலை, யார் வேணும்னாலும் திருத்துற மாதிரி நான்தான் விட்டிருக்கேன். அவங்க அதுல, என் பாஸ்வேர்டை மாத்தச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்திருக்காங்க; சர்வரும் அப்படியே மாத்திடுச்சு. உடனே சரிபண்ணிட்டேன், வேலைக்கு ஆபத்தில்ல.

செடிக்குத் தண்ணி ஊத்த வர்றவர் கைக்கெட்டுற ஆணியிலதானே நம்ம பீரோ சாவியும் தொங்குது? இன்னைக்கே எடுத்து உள்ள வைங்க.

பக்கத்துல என் சைக்கிள் சாவி இருக்கும். அது அங்கேயே தொங்கட்டும்ப்பா, அவருக்குத் தேவைன்னா சைக்கிளை எடுத்துக்கட்டும்.

ஷிப்டுக்கு நேரமாச்சு.

உங்க மகன்