வீடு பார்க்க வந்த மாதேஸ்வரி

12-11-2024, செவ்வாய்

அம்மா ஊற்றுப் பாறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதாம். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். ராகி பால் பிடித்திருக்கிறது, யானைக்குக் காவல் இருக்கணும், மாடு இரண்டு. இன்று முதல் அடுப்பும் எனக்கு.

14-11, வியாழன்

களி கட்டி கட்டியாக வந்தது. அம்மா இடது கையால் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள்.

பக்கத்து வீட்டுச் சென்றாயன் எட்டிப் பார்த்தார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. “என்னடா முனிவேலு, சேலை ஒண்ணு எடுத்துத் தரட்டா?” என்றார். நான் அடுப்பை ஊதினேன்.

24-11, ஞாயிறு

பேரிகையிலிருந்து தங்கை சுஜாதா போன். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிற பெண், மாதேஸ்வரி, வயது முப்பத்து நாலு. சொந்த ஊர் காவேரிப்பட்டினம். முதல் கல்யாணம் நிலைக்கவில்லை, கோர்ட்டில் பிரிந்து நாலு வருசம். கம்பெனி ஹாஸ்டலில் இருக்கிறாள்.

எனக்கு நாற்பத்தொன்று. இதுவரை பதினோரு இடம் பார்த்தாயிற்று. நிலம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. பஸ் வருமா என்றுதான் கேட்கிறார்கள். பஸ்ஸுக்கு நாலு கிலோமீட்டர் இறங்கணும் என்றதும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிடுவார்கள்.

8-12, ஞாயிறு

நாங்கள் பெண் பார்க்கப் போவதாகச் சொல்லியனுப்பினோம். அவள் சுஜாதாவிடம் சொன்னாளாம்: “அவங்க வர வேணாங்க்கா. நான் போய் வீட்டைப் பார்க்கிறன்.”

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. “பொட்டப்புள்ள வீடு பாக்க வருவாளா? எங்கயாச்சும் கேட்டிருக்கியா?”

கேட்டதில்லைதான்.

15-12, ஞாயிறு

வந்தாள். ஹாஸ்டல் தோழி காவியாவுடன் நாலு கிலோமீட்டரும் நடந்தே ஏறி வந்தாள். வேர்வையைத் துடைத்துக்கொண்டு முதலில் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, “இது எங்கிருந்து எடுக்கறீங்க?” என்றாள். ஊற்றைக் காட்டினேன். அம்மா விழுந்த பாறையையும் காட்டினேன்.

வாசல் குழாயைத் திறந்து பார்த்தாள். காற்று வந்தது. கழிவறைக் கதவைத் திறந்தாள். அரசாங்கத்தில் கட்டிக் கொடுத்தது, ஐந்து வருசமாக வைக்கோல் அடைத்து வைத்திருக்கிறோம். காவியா சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மொச்சைக் குழம்பும் களியும் போட்டேன். நான் செய்தது என்று அவள் நம்பவில்லை. அம்மா மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

போகும்போது அம்மாவிடம் கேட்டாள். “மாசத்துல மூணு நாள் பொம்பளைங்க எங்கம்மா இருப்பீங்க?”

அம்மா மாட்டுக்கொட்டாயைக் காட்டினாள். ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். தூரமானால் மூன்று நாள் அங்கேதான் சாப்பாடு, படுக்கை எல்லாம்.

“நான் அங்க இருக்க மாட்டேங்க” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஷிப்ட் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

17-12, செவ்வாய்

மாதேஸ்வரி போன் செய்தாள். வேலையை விட மாட்டாளாம். வார லீவுக்கு மேலே வருவாளாம், நான் அப்பப்போ ஓசூர் போகலாமாம். கொட்டாய் கிடையாது. “அம்மாகிட்ட கேட்டுச் சொல்றன்னு மட்டும் சொல்லாதீங்க. நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க” என்றாள்.

18-12, புதன்

யோசித்தேன். வேறெதுவும் ஓடவில்லை.

22-12, ஞாயிறு

அடுப்பு என் கைக்கு வருமுன் என்றால் வேண்டாம் என்றிருப்பேன். பதினோரு வீட்டிலும் பெண்கள் என்னைப் பற்றித் தங்கள் அப்பாவிடம்தான் பேசினார்கள். இவள் ஒருத்திதான் நேராக என்னிடம் கேட்டாள். சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். பெரிய சத்தம். “சாமி இருக்கிற ஊர்டா இது. ஊர் சும்மா விடுமா?”

பிறகு அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “உன் தங்கச்சி பொறந்து பத்தே நாளு. அடைமழை. பச்சப் புள்ளய மடியில வெச்சிக்கினு அந்தக் கொட்டாய்லதான் கெடந்தன். என்னை யாரு கேட்டாங்க?”

அவளுக்குக் கோபம் மாதேஸ்வரி மேலா, என் மேலா, செத்துப்போன அப்பா மேலா? தெரியவில்லை.

5-1-2025, ஞாயிறு

வைக்கோலை வெளியே எடுத்தேன். உள்ளே இரண்டு தேள். ஊற்றிலிருந்து கழிவறை வரை கருப்புப் பைப் போட்டேன். அம்மாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. ஆனாலும் களி கிண்ட வலு இல்லை. நானே கிண்டுகிறேன்.

16-2, ஞாயிறு

அஞ்செட்டிக் கோயிலில் கல்யாணம். சென்றாயன் அண்ணன் வரவில்லை. அவர் சம்சாரம் சுகுணா அண்ணி வந்து, சாப்பிடாமல் போனார்கள்.

11-3, செவ்வாய்

மாதேஸ்வரி நேற்று லீவில் வந்தாள். வந்த இடத்தில் தூரம். வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொண்டாள். அம்மா சாமி விளக்கை எடுத்துக்கொண்டு போய் மாட்டுக்கொட்டாயில் வைத்தாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நான் நடுவில் சோறு போட்டேன். வேறு என்ன செய்ய?

22-4, செவ்வாய்

ஊர்த் திருவிழா. எங்கள் வீட்டுக்கு வரி கேட்டு யாரும் வரவில்லை. அப்படியென்றால் நாங்கள் ஊரில் இல்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து சாமி தூக்கியவன் நான். மத்தியானம் மேளம் எங்கள் சந்துக்குள் வராமலே திரும்பிப் போச்சு. என் வீட்டு வாசல் தெரியலையா அவங்களுக்கு? நான் என்ன கொலையா பண்ணிட்டன்?

மாதேஸ்வரிக்குப் போன் செய்தேன். ஷிப்டில் இருந்தாள், எடுக்கவில்லை.

24-4, வியாழன்

எழுதியதைப் படித்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

13-7, ஞாயிறு

ராகி நடவு முடிந்தது. வழக்கமாக எங்கள் நடவுக்கு வருகிற யாரும் வரவில்லை. மாதேஸ்வரி மூன்று நாள் லீவு போட்டுக் காவியாவையும் கூட்டி வந்தாள். நாற்று கோணல் கோணலாக நட்டார்கள். அம்மா வரப்பில் நின்று இரண்டு பேரையும் திட்டினாள். மாதேஸ்வரியிடம் அவள் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

12-10, ஞாயிறு

மூன்று நாளாக மழை. மத்தியானம் சென்றாயன் அண்ணன் வீட்டுக் கொட்டாய் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. உள்ளே சுகுணா அண்ணி இருந்திருக்கிறார்கள். அடி இல்லை. நனைந்த சேலையோடு எங்கள் கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் வந்து நின்றார்கள். அவர்கள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிடவில்லை.

நான் வாயைத் திறக்குமுன் அம்மா எழுந்து போனாள்.

“அங்க ஏன் நிக்கிற? உள்ள வா.”

“அத்தை, நான் தூரம்...”

“தெரியுது. வா.”

அண்ணி படியைத் தாண்டக் கொஞ்ச நேரமாயிற்று. அம்மா தன் சேலை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, சாமி விளக்கை இந்தத் தடவை எடுத்துப் போகாமல், அதன் பக்கத்திலேயே பாயை விரித்தாள்.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன்.