யாரும் நிறுத்தாத சாலை

ஞாயிறு, ஜூன் 14. இரவு.

நார்வேயில் வேலை செய்யும் அண்ணன் சாயங்காலம் வீடியோவில் பேசினான். விடுமுறையாம். காலையிலிருந்து கடலோரமாகச் சைக்கிளில் சும்மா சுற்றுகிறானாம்.

"அடையாளக் கார்டு எடுத்துக்கிட்டியாடா?" என்று அம்மா கேட்டாள்.

"இங்க யாரும்மா அதைக் கேக்கப்போறாங்க?"

இங்கே யாங்கோனில் வாலிபர்களைத் தெருவில் நிறுத்திப் பட்டாளத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று மாதக்கணக்காக வீட்டுக்குள்ளேயே கிடக்கும் தம்பி எட்டிப் பார்த்தான்.

"காலையிலேருந்து ஒருத்தருமே நிறுத்தலையாண்ணே?"

"ஆடுங்கதான் குறுக்க வந்து நிறுத்திச்சு." அண்ணனுக்கு எல்லாமே விளையாட்டு. தம்பி சிரிக்கவில்லை.

சாப்பிட்டதும் தம்பி தன் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்தான். அம்மா வாசலைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. கூடத்தில் ஸ்டாண்டு போட்ட சைக்கிளை அவன் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறான்.