கட்டில் மணி

கொல்லம் 1128, மாசி 3. ராத்திரி.

மத்தியானம் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தேன். தலைக்கு மேலே மணி அடித்தது. "இன்னா வந்துட்டேன் பிள்ளே" என்று செம்புத் தண்ணீரோடு அறைக்கு ஓடினேன். கட்டில் காலி. என் வீட்டுக்காரிக்குப் பதினாறாம் நாள் காரியம் கழித்தே ஒரு வாரம் ஆகிறது.

கட்டில் காலருகே உட்கார்ந்து பொத்தானை அமுக்கியது மகள் கோமதி. கல்லூரியில் பௌதிகம் படிக்கிறாள். படுக்கையில் கிடந்த தன் அம்மை என்னைக் கூப்பிட, பாட்டரியும் கம்பியும் வைத்து மணி கட்டியதும் அவள்தான். ஷாக் அடிக்குமென்று நான் மரமிதியடி போட்டுக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரி சிரித்தாள்.

"பாட்டரி தீந்துட்டான்னு பாத்தேம்பா. நாளைக்குச் செய்முறைப் பரீட்சைக்கு இத வச்சுப் பழகணும்லா?" என்றவள் செம்பைப் பார்த்தாள். "தண்ணி ஆருக்குப்பா?"

"எனக்குத்தாம்ட்டி. என்னா வெயிலு!" முழுச் செம்பையும் நின்றபடியே குடித்தேன்.

பாட்டரியை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். கட்டில் காலில் இருக்கும் பொத்தானை மட்டும் அவிழ்க்க வேண்டாம் என்றேன்.

"பாட்டரி இல்லாம கரண்டு ஓடாதுப்பா. அமுக்குனாலும் அடிக்காது."

நாலாம் கிளாஸ்காரனுக்கும் அது தெரியும். ஆனாலும் செம்பை நிரப்பித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.