ஓட்டுக் கேட்கப் போன இடத்தில் உண்மை சொன்னவர்

அன்பு மகள் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம். அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறார், அதையும் நலம் என்றே எழுதிவிடுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

தேர்தலில் தோற்றதும் நல்லதுக்குத்தான், இனியாவது அப்பா ஓய்வெடுக்கட்டும் என்று போனில் சொன்னாயே, அதை அவரிடம் சொல்லிவிடாதே. ஒவ்வொரு விதைப்புக்கு முன்னாலும் அணையை நேரில் பார்த்துவிட்டு, ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டித் தண்ணீர் நிலவரம் சொல்லிக்கொண்டு போவாரே, அதைக் கேட்டுத்தான் விவசாயிகள் விதையே வாங்குவார்கள். இந்த முறை விதைப்பும் தேர்தலும் ஒன்றாக வந்து தொலைத்தன. ஓட்டுப் போட்டு முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று கட்சிக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார்கள், நானும்தான் சொன்னேன். கேட்டால்தானே. தண்ணீர் அறுவடை வரைக்கும் காணாது, நெல் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அதே வாயால் ஓட்டும் கேட்டார். எதிரே நின்ற ரைஸ்மில்காரர், தண்ணீருக்கு நான் பொறுப்பு என்றார். வயிற்றில் பால் வார்ப்பவனை விட்டுப் புளியைக் கரைப்பவனுக்கு யார் ஓட்டுப் போடுவார்கள், சொல்.

தோற்ற அன்று அப்பா நன்றாகத்தான் தூங்கினார். போன வாரம், ரைஸ்மில்காரர் பேச்சை நம்பிப் போட்ட நெல்லில் கதிர் வரும் நேரத்தில் வாய்க்கால் நின்றுவிட்டது. அப்பாவை எதிர்த்து ஓடியாடி வேலை செய்த டிராக்டர்காரர் பத்துப் பேரோடு வந்து வாசலில் நின்று அழுதார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று வைத்திருந்தேன், அந்த முகத்தைப் பார்த்ததும் தேநீர் போடப் போய்விட்டேன். அணையில் மிச்சம் இருக்கிற தண்ணீரை முறை வைத்து விட்டால் பாதி வயலாவது பிழைக்கும் என்று அப்பா அணை அதிகாரிக்குப் போன் செய்தார். ஜெயித்தவர் சொன்னால் செய்கிறேன் ஐயா என்றாராம், மரியாதையாகத்தான்.

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், "பொய் சொல்லியிருக்கணும்டி. ஜெயிச்சிருந்தா இந்தத் தண்ணியையாவது பங்கு பிரிச்சுக் கொடுத்திருப்பேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயில் இப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லப் போனேன், வெளியே அவர்கள் அழுவது கேட்டது, ஜன்னலைச் சாத்தப் போய்விட்டேன். அன்றிலிருந்து எதிலும் ஒட்டாமல் இருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ என் ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. நீங்கள் செய்தது சரிதான் அப்பா என்று நீயாவது சொல். மனதில் அப்படிப் பட்டால் மட்டும் சொல், பொய்யென்றால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.

உன் அம்மா