கடிக்காமல் இறக்கிய நெல்

ரமழானின் தலை நோன்பு, இரவு.

மில்லுக்கு வரும் நெல்லில் ஒன்றைத் தினமும் பல்லில் கடித்துப் பார்த்துத்தான் இறக்கச் சொல்வேன். டக்கென்று உடைந்தால் காய்ந்த நெல். இந்தச் சின்னப் பழக்கந்தான் மூட்டை தூக்கிய என்னை இவ்வருடம் மனேஜர் சிம்மாசனத்தில் ஏற்றியது. இன்று நோன்பென்று கடிக்கவில்லை. மாவடிப்பள்ளியிலிருந்து வந்த லொறி நெல்லைக் கையால் அளைந்து பார்த்தே இறக்கினேன். நோன்பு திறந்தபின், வீட்டுக்குக் கொண்டுவந்த ஒன்றைக் கடித்தால் பேரீச்சம்பழம் போல நசிகிறது!

"கடிச்சுத் துப்பினா நோன்பு முறியுமா? ஊருக்கெல்லாம் மார்க்கப் பத்வா குடுக்கிற மனிசனுக்கு இது தெரியாதோ?" என்றாள் பொஞ்சாதி.



ஈர நெல் சூடேறினால் முழு ஸ்டோரும் நாறும். முதலாளிக்குப் போன் எடுத்தேன். "ஹாஜியார், மூட்டையெல்லாம் வெளிய எடுக்கணும். பிழை என்ட." அவர் போனை வைத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டு வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும் சத்தம்.