வடிவு மதினி பார்க்காத கடைசி ரீல்

கதை முடியும் முன்பே எழுந்து போகப் பழக்கப்பட்ட என் வடிவு மதினிக்கு,

நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் உங்களை வாயில்லாப் பூச்சி என்று புகழ்ந்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்கள். சாம்பாரில் உப்புக் கூடுதல். உங்களுக்கு வாய் இருந்தது என்பதை அறிந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உங்கள் மூச்சு நின்றபோது நான் பக்கத்தில் இல்லை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலை விட்டு நகராதவள், “இன்னும் நேரமிருக்கு, போய் காப்பி குடிச்சிட்டு வாங்க” என்று நர்ஸ் சொன்னதும் படியிறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். பத்து நிமிடம்தான் இருக்கும். அந்தப் பத்து நிமிடத்துக்கும் நமக்கும் பழைய பகை உண்டு, இல்லையா மதினி?

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குத் தெரிந்ததுதான். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசுதேவநல்லூரிலிருந்து எங்கள் சங்கரன்கோவில் வீட்டுக்கு என் அண்ணன் மனைவியாக வந்தீர்கள். எட்டாம் வகுப்பு தேறியவர் நீங்கள். நாலே வருஷத்தில் அண்ணன் காய்ச்சலில் போய்விட்டான். உங்களுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குழந்தை இல்லை. முன்கட்டில் இருந்த உங்கள் டிரங்குப் பெட்டியை இரண்டாங்கட்டுக்கு மாற்றினார்கள். அதற்கு யாரும் உத்தரவு போட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டின் அமைப்பே அந்த உத்தரவைப் போட்டது.

சுதந்திரம் வந்து இரண்டு ஆண்டு கழித்து, வீட்டுக்குப் பின்னால் பருத்தி மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கியை அப்பா டாக்கீஸாக மாற்றினார். நான் சென்னையில் ஆனர்ஸ் முடித்து அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தேன். ஒரு சமூகம் எதை உயர்வாக மதிக்கிறது என்பதை அதன் கட்டடங்களும் கேளிக்கைகளும் கதைகளும் எவ்வாறு காட்டுகின்றன என்று எங்களுக்குப் பரீட்சையில் ஒரு கேள்வி வந்தது. பன்னிரண்டு பக்கம் எழுதினேன். ஐரோப்பாவின் தேவாலயங்களையும் ரோமாபுரியின் அரங்கங்களையும் பிரித்து மேய்ந்திருந்தேன். முதல் வகுப்பு. எனவே டாக்கீஸுக்கு வரைபடம் போடத் தகுதியானவள் நான்தான் என்று அப்பாவும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

பெரிய வீதியில் ஆண்களுக்கு வாசல். வளைவு வைத்து, இருபுறமும் சிமெண்டுக் கிளிகள். சந்தில் பெண்களுக்கு வாசல். உள்ளே இரண்டு தரப்புக்கும் நடுவில் சுவர். சுவர் ஆள் உயரம் வேண்டும் என்றார் அப்பா. வாதாடி ஒரு சாண் குறைத்தேன். பெண் விடுதலைக்குப் பெரிய காரியம் செய்துவிட்டதாக அன்று இரவு டயரியில் எழுதிவைத்தேன்.

நீங்கள் படம் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மா ஒப்பவில்லை. “வாசல்ல அவ முகத்துல முழிச்சிட்டு நாலு பேரு உள்ள போனா, கொட்டகைல ஆள் விழுமாடி?” என்றாள். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். மெஷின் ரூமை ஒட்டி, பெண்கள் பகுதிக்குப் பின்னால், மரச்சட்டம் அடித்த சிறிய மறைப்பு. அதற்கு நம் வீட்டுப் பின்முற்றத்திலிருந்து தனிக் கதவு. நீங்கள் விளக்கை அணைத்த பிறகு வந்து, விளக்கைப் போடும் முன்பு போய்விடலாம். கடைசி ரீலை மாட்டியதும் ஆப்பரேட்டர் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். அதுதான் உங்களுக்கு அறிவிப்பு. அம்மா சம்மதித்துவிட்டாள். நான் பூரித்துப்போனேன்.

சுடலைமுத்துக் கொத்தனார் மட்டும் வரைபடத்தை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“தாயி, இந்தக் கதவு யாருக்கு?”

“மதினிக்கு.”

“அவுக வாரதுக்கா, போறதுக்கா?”

“ரெண்டுக்குந்தான். இதென்ன கேள்வி?”

“இல்ல, தாழ்ப்பாள் வீட்டுப் பக்கம் மட்டும்லா போட்டிருக்கீக. அவுக பக்கம் ஒண்ணையும் காணும். அதான் கேட்டேன்.”

படித்தவளைக் குறுக்குக் கேள்வி கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. சொன்னதைச் செய்யுங்கள் என்றேன். செய்தார்.

அந்தக் கதவு வழியாக இரண்டு வருஷம் நீங்கள் படம் பார்த்தீர்கள். மறுநாள் மத்தியானம் பின்முற்றத்தில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ள வருகிற பெண்களுக்குக் கதை சொல்வீர்கள். தும்மலுக்கும் இருமலுக்கும் நடுவே நீங்கள் கதை சொன்னதை நான் சன்னலருகில் இருந்து கேட்டிருக்கிறேன். கதாநாயகன் எப்படி நடந்தான் என்பதை உட்கார்ந்தபடியே தோளால் நடந்து காட்டுவீர்கள். அந்தக் கலையை எந்தக் கல்லூரியிலும் நான் பார்க்கவில்லை.

ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஒரு சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சொன்ன கதையைக் கேள்விப்பட்டு, பனவடலிசத்திரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த செல்லம்மா, படம் விட்டதும் டிக்கெட் கொடுக்கிற அண்ணாச்சியிடம் போய் நின்றாள்.

“ஏ அண்ணாச்சி, கடைசித் துண்டைத் தப்பா மாட்டிட்டீரு. அந்தப் பிள்ள சாகக் கூடாதே!”

“ஏளா, படத்துல செத்தா நான் என்ன செய்ய? மருந்தா குடுக்க முடியும்?”

“வடிவக்கா சொன்ன கதைல அவ சாகல்ல வே. பள்ளிக்கூடம்லா வைக்கா.”

“படம் எடுத்தது வடிவக்காவா?”

“அவுக எடுத்திருந்தா உருப்படியா எடுத்திருப்பாக!”

ஊரே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வந்து உங்களிடம் கேட்டேன்: “மதினி, எல்லாப் படத்துக்கும் முடிவை மாத்திச் சொல்லுதீங்களாமே?”

“நான் எங்க மாத்துனேன்?” என்றீர்கள். “எனக்கு முடிவே தெரியாதே கோமதி. தட்டுன உடனே எந்திரிச்சு வந்துருதேன்லா? கடைசில என்ன ஆயிருக்கும்னு நானா யோசிப்பேன். முக்காப் படம் வரைக்கும் அம்புட்டுத் தைரியமா நின்னவ, கடைசிப் பத்து நிமிஷத்துல எதுக்குச் சாவா? நீயே சொல்லு.”

அந்த நிமிடம் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். போய் அந்த மரச்சட்டத்தைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். எனக்கோ அது சுவையான செய்தியாகப் பட்டது. நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் நீங்கள் ஒரு தாளைக் கொண்டுவந்தீர்கள். பாளையங்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிக்கான விண்ணப்பம். உங்கள் தம்பி ஊரிலிருந்து கொடுத்தனுப்பியது. “இங்கிலீஷ்ல இருக்கு. நீ நிரப்பித் தா. மாமாட்டயும் நீயே சொல்லிரு. நீ சொன்னாக் கேப்பாக.” என்ன பதில் சொன்னேன் என்பது அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “ஆகட்டும் மதினி, கைல ஒரு கதை இருக்கு. அதை முடிச்சிட்டு எழுதித் தாறேன்.”

கையில் இருந்தது உங்கள் கதை. காம்பு கிள்ளுகிறவர்களுக்கு நீங்கள் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்ததை எழுதி, என் பெயரைப் போட்டு ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். ஆசிரியரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. நடை நன்று. ஆனால் கைம்பெண் ஒருத்தி இப்படி ரயிலேறிப் போவதைக் குடும்பங்கள் விரும்பமாட்டா. முடிவைச் சற்றே திருத்தினால் அடுத்த இதழிலேயே வரும்.

திருத்தினேன். ரயிலிலிருந்து அவளை இறக்கினேன். வீட்டுக்கு நடத்திவந்து, கணவன் படத்தின் முன்னால் விழச் செய்து, உயிரை எடுத்தேன். ஒரு மல்லிகைப் பூவையும் உதிர வைத்தேன். அழகான வாக்கியங்கள் மதினி. ஒன்றில்கூடப் பிழை கிடையாது.

இதழ் வந்த அன்று அப்பா முன்கட்டில் உட்கார்ந்து உரக்கப் படித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பொம்பளைன்னா இப்பிடில்லா இருக்கணும்” என்றாள். நீங்கள் நடைக்கதவின் பின்னால் நின்றிருந்தீர்கள். எல்லாரும் எழுந்து போன பிறகு வந்து, இதழை எடுத்து, கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்தீர்கள்.

“இதுதான் கடைசி ரீலா, கோமதி?”

“பத்திரிகைல அப்பிடிக் கேட்டாங்க மதினி.”

“அப்போ இத்தன நாளும் நான்தான் தப்பாச் சொல்லிட்டு இருந்திருக்கேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். வாதாட எனக்கு வரும். தகவலைத் திருத்திக்கொள்கிறவரைப் போலச் சொன்னீர்கள். இதழை மடித்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். மறுநாள் மிளகாய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்த பெண்கள் கதை கேட்டபோது, “எனக்கு ஒண்ணும் தெரியாது பிள்ளைகளா” என்றீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கதவு வழியாக நீங்கள் போகவில்லை. விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்கவுமில்லை. நீங்கள் கேட்காததை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஆனியில் எனக்கு மதுரையில் கல்லூரி வேலை கிடைத்தது. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் சன்னலோரம் உட்கார்ந்தேன். வழியில் சாப்பிட நீங்கள்தான் முறுக்குச் சுட்டுக் கொடுத்திருந்தீர்கள். விருதுநகர் வரும்வரை அது எனக்கு உறைக்கவேயில்லை. உங்கள் கதையின் முடிவுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். அதிலிருந்து உங்களை இறக்கிவிட்டுத்தான் ஏறியிருந்தேன்.

அதன்பின் முப்பது வருஷம் பாடம் நடத்தினேன். கட்டடமும் கூத்தும் கதையும் என்ற அந்தப் பாடத்தை வருஷந்தோறும் நடத்தினேன். எங்கள் ஊர்க் கொட்டகையைப் பற்றி மட்டும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. அந்த மூன்றையும் ஒரே வீட்டில் வைத்து, என் கையாலேயே ஒருத்தியைச் சுற்றிக் கட்டினேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஊர்ச் செய்தி கேளுங்கள். டாக்கீஸ் கைமாறி இப்போது கல்யாண மண்டபம். சிமெண்டுக் கிளிகளுக்குத் தங்க வர்ணம் பூசி மயில் என்கிறார்கள். நடுச்சுவர் போய்விட்டது. உங்கள் மரச்சட்டமும் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு தூண், அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ. படத்தை இப்போது வீட்டிலேயே டி.வி.யில், சாயங்காலந்தோறும், துண்டு துண்டாகப் பார்க்கிறார்கள். நல்ல பெண் அழுகிறாள், கெட்ட பெண் வேலைக்குப் போகிறாள். பத்திரிகை ஆசிரியர் எனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை எல்லாரும் மனப்பாடம் செய்துவிட்டார்கள் போலிருக்கிறது.

என் சின்னத் தம்பியின் மருமகள் மீனாவை உங்களுக்குப் பிடிக்கும். புருஷனைப் பறிகொடுத்து இரண்டு வருஷமாகிறது. பாங்கில் வேலை பார்க்கிறாள், கார் ஓட்டுகிறாள். அவள் மகளுக்கு ஆவணியில் அதே மண்டபத்தில் கல்யாணம். போன வாரம் இடம் பார்க்க என்னையும் கூட்டிப்போனாள். மணமேடையில் யார் யார் எங்கே நிற்பது என்று விரலால் காட்டிக்கொண்டே வந்தவள், “தாலி கட்டுத நேரம் நான் அங்கன தூணுக்குப் பின்னால போய் நின்னுக்கிடுதேன் அத்தை” என்றாள்.

“யார் சொன்னா அப்பிடி?”

“யாரும் சொல்லல்ல. அதான் நல்லாருக்கும்.”

அவள் காட்டியது உங்கள் இடம். வரைபடம் போட்ட எனக்குத் தெரியாதா? மரத்தையும் செங்கல்லையும் எடுத்துவிட்டார்கள். மறைப்பை எடுக்க எல்லாரும் மறந்திருக்கிறார்கள்.

அந்த விண்ணப்பத் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு சரித்திரப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தேன். நேற்று எடுத்து, பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். எதற்காக இந்தப் பணிக்கு வர விரும்புகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது மதினி. இரண்டு வரி இடம் விட்டிருக்கிறார்கள். உங்களிடம் அதை நான் வாசித்துக்கூடக் காட்டவில்லை.

நீங்கள் சொன்ன முடிவை, மிளகாய்க் குவியலுக்கு முன்னால் நீங்கள் சொன்ன சொல்லிலேயே இங்கே பதிகிறேன். இதை வெளியிடுகிறவர்கள் ஓர் எழுத்தையும் தொடமாட்டார்கள். எழுதி வாங்கியிருக்கிறேன்.

“பெட்டியத் தூக்கி மேல வச்சிட்டு, அவ சன்னலோரமா உக்காந்தா. எதுத்தாப்புல ஒரு அம்மா, ‘எங்கன போற தாயி, தொணைக்கு ஆளில்லையா’ன்னு கேட்டா. ‘வேலைக்குப் போறேன்’னா. சொல்லிட்டு, மடில இருந்த முறுக்க எடுத்து எல்லாரும் பாக்கத் தின்னா. ரயிலு கூவிட்டுக் கிளம்பிருச்சு. அம்புட்டுதான் கதை. எந்திரிங்க, வெயில் சாஞ்சிட்டு.”

கதையைச் சொன்னவர் வடிவம்மாள். எழுதி எடுத்தவள் மட்டுமே நான்.

ஆவணியில் மீனாவை முன்வரிசையில் என் பக்கத்தில் உட்காரவைப்பேன். தாலி கட்டி, பூத்தூவி, கூட்டம் எழுந்து பந்திக்குப் போகும்வரை அவள் கையை விடமாட்டேன். யாராவது வந்து மெதுவாகத் தோளில் தட்டினால், அவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். வாதாட எனக்கு வரும் என்று முன்பே சொன்னேன். இந்த ஒரு முறை அது உங்களுக்குப் பயன்படட்டும்.

விளக்கைப் போட்ட பிறகும் எழுந்திருக்கப் போவதில்லை என்று வாக்குக் கொடுக்கும்,
உங்கள் நாத்தனார்
கோமதி