பேச்சில்லாத அழைப்பு

ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நம் ஆம்புலன்ஸ் அழைப்பு அறையை விட்டு நீ போய் ஏழு மாதம் ஆகிறது. பழைய கோப்புகளுக்கு நடுவே தும்மிக்கொண்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒரு வரி எழுதக்கூடாதா?

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். போன செவ்வாய்க்கிழமை ஓர் அழைப்பு வந்தது. எதிர்முனையில் பேச்சே இல்லை. இருபது நொடியில் பதில் வராவிட்டால் துண்டிக்க வேண்டும் என்பது நான் போட்ட விதி. அறையிலேயே வேகமான பெண் என்று நீ ‘மின்னல்’ எனப் பெயர் வைத்தாயே, அவள் துண்டித்தாள். மீண்டும் வந்தது. மீண்டும் துண்டித்தாள். பக்கவாதத்தில் நாக்கு இழுத்துக்கொண்ட ஓர் அம்மாள், ரிசீவரைப் பிடித்தபடியே கிடந்திருக்கிறார். மாலையில் மகள் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்னொன்று. மேலிடம்தான் உன்னை மாற்றியது என்று அன்று சொன்னேன். பொய். ‘பேச்சில்லாத அழைப்பிலும் காத்துக்கிடக்கும் இந்த மௌனசாமியை வைத்துக்கொண்டு அழைப்புகளின் சராசரி நேரத்தைக் குறைக்க முடியாது’ என்று எழுதிக் கேட்டதே நான்தான்.

மின்னலை வேலையை விட்டு அனுப்பச் சொல்கிறார்கள். நீ திரும்பி வந்துவிடு.

அன்புடன்,
அக்கா

ஜூன் 17

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். தும்மல் உண்மைதான்.

மின்னலை அனுப்பாதீர்கள். பஸ் கவிழ்ந்த அன்று நான் ஒருத்தரிடம், “பதறாதீங்க, எங்க வலிக்குது?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் ஒன்பது வண்டிகளை அனுப்பிவிட்டாள். அறை முழுக்க என்னைப் போன்றவர்கள் இருந்திருந்தால் பாதிப் பேர் ரோட்டிலேயே போயிருப்பார்கள். பேச்சில்லாத அழைப்பு வந்தால், “சாமி, இது உங்க கேஸு” என்று என் பக்கம் தள்ளுவாள். தனித்தனியே நாங்கள் அரைகுறைதான். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததால்தான் வேலை நடந்தது. ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு மற்றதில் இருப்பவளைக் குற்றம் சொல்வது என்ன நியாயம்?

அந்த விதி வேண்டாம் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். எல்லார் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரித்தீர்கள். அதைக்கூட நான் பொருட்படுத்தவில்லை. “அக்கா எனக்காக மேலிடத்துல சண்டை போட்டிருப்பாங்க” என்று ஏழு மாதமாக என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் வரவில்லை.

இப்படிக்கு,
தம்பி

ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

அதன் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கு நீ பதில் போடவில்லை. இது மூன்றாவது.

விதியை எடுத்துவிட்டேன். தவறு என்னுடையது என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். மின்னல் தப்பித்தாள், மாதக் கடைசியோடு எனக்கு வேலை இல்லை. அதுவரை உன் நாற்காலியில் உட்காருகிறேன். பொறுமை வரமாட்டேன் என்கிறது. கை தானாகப் பொத்தானுக்குப் போகிறது.

நேற்று மின்னல் ஓர் அழைப்பை என் பக்கம் தள்ளினாள். “நான் பேசறது கேட்டா, ஒரு தடவை தட்டுங்க” என்றேன். நான்கு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு லேசாக ஒரு சத்தம். திரையில் தெரிந்த முகவரிக்கு வண்டி அனுப்பினேன். போய்ச் சேர்ந்தபோது உயிர் இருந்தது.

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. உன்னைத் தவிர ஒருவரும் நினைவுக்கு வரவில்லை.

அக்கா